நான்கு மைக்ரான்

கப்பலூர் சிட்கோவில்
அட்டைப்பெட்டி கம்பெனிக்கும்
டயருக்கு ரப்பர் ஒட்டும் கொட்டகைக்கும் நடுவே
எங்கள் பட்டறை.
போர் விமானத்துக்கு
ஒரு பின் செய்கிறோம்.

சுண்டுவிரல் நீளம்.
எங்கே பொருந்தும் என்று வரைபடத்தில் இல்லை.
பயன்பாடு என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும்.
பழைய விமானங்களுக்கு ஓய்வு கொடுத்தாயிற்று,
புதிதாக வரும் ஏவுகணையைப் பிடித்திருப்பதோ
விடுவிப்பதோ இதுதான் என்று
கோவைக்காரர் ஒருவர் போனில் சொன்னதாக
துளசிராம் சார் சொன்னார்.
சொல்லிவிட்டு,
நான் எதுவும் சொல்லவில்லை என்றார்.

அளவு பார்க்கும் அறை என்னுடையது.
எந்நேரமும் இருபது டிகிரி.
வெளியே சித்திரை வெயிலில் தார் இளகும்போது
நான் ஸ்வெட்டர் போட்டிருப்பேன்.
மதுரையில் ஒரு ஸ்வெட்டர் வாங்க
எத்தனை கடை ஏறி இறங்கினேன் என்று
கேட்காதீர்கள்.

பூ வைத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது.
ஒரு மகரந்தத் துகள் நாற்பது மைக்ரான் இருக்கும்.
வேலையில்லாத ஒரு மத்தியானம்
என் தலைமுடியை அளந்தேன்: அறுபத்தெட்டு.
கூட்டிப் பெருக்கும் செம்பகம் அக்காவின் நரை
எழுபத்தொன்று.
அதனால் காலையில் வாங்கும் ஒரு முழம் மல்லியை
ஸ்கூட்டி ஹெல்மெட்டுக்குள் சுருட்டி வைத்துவிட்டு
தொப்பி மாட்டிக்கொண்டு போவேன்.

நேற்று இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.
வந்தபிறகு மெஷின் பழைய சூட்டுக்கு வரும்வரை
ஓடிய பதினோரு பின்னும்
நான்கு மைக்ரான் கம்மி.
கூடுதல் என்றால் மறுபடி தேய்க்கலாம்.
குறைந்தால் குறைந்ததுதான்.

சோலைராசு வாசலிலேயே நின்றான்,
கூலன்ட் சொட்டும் கையோடு.
துளசிராம் சார் உள்ளே வந்தார், செருப்பைக் கழற்றாமல்.
"நாலே நாலு. யார் கண்ணுக்குத் தெரியப்போகுது நாகஜோதி?
வெண்ணெய் மாதிரி உள்ளே போகும்."
போகும் சார்.
போய் ஆடும்.
அவர் டயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பேங்க் தவணைத் தேதியை
சுவரில் பார்த்தார்.

மேலே ஐம்பது டிகிரி குளிரில்
இரும்பு சுருங்கும்.
அங்கே உட்கார்ந்திருப்பவனை எனக்குத் தெரியாது.
ஒருவேளை அவள்.
பட்டனை அழுத்தி, எதுவும் நடக்காமல்,
மறுபடி அழுத்தும் அந்த விரலைத்தான்
நினைத்தேன்.

டீ குடிக்கும்போது சோலைராசு கேட்டான்:
"சரியா இருந்தா என்னக்கா ஆகும்?"
கழன்றுகொள்ளும்.
"கழன்டா?"
டோல்கேட்டில் ஒரு லாரி
விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
அவன் வடையைப் பாதி தின்று
மீதியை நாய்க்குப் போட்டான்.
நானும் யோசிக்காதவள் இல்லை.
ஆனால் என் டயலில்
அதற்கு முள் கிடையாது.

பதினொன்றுக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்து
நடுவில் அறுத்தேன்.
பழைய இரும்பு விலைக்குக் கிலோவில் போகும்.
மீதி நூற்று எழுபத்தொன்பதுக்கும் என் முத்திரை.
அதில் பெயர் இல்லை, ஏழு என்ற எண் மட்டும்.

கிளம்பும் நேரத்தில் மெயில் வந்தது:
வரைபடம், நான்காம் திருத்தம்.
பத்து மைக்ரான் கொடுத்திருந்த இடத்தில்
இனி ஐந்து.
துளசிராம் சார் அதைச் சத்தமாகப் படித்தார்,
பிறகு சத்தமில்லாமல்.
"புது மெஷின் வாங்கணும்" என்றார்.
யாரிடம் என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும்
நாள் முழுக்கச் சேர்ந்த சூடு
முகத்தில் அறைந்தது.
ஹெல்மெட்டை எடுத்தேன்.
மொட்டாக வைத்தது
உள்ளே முழுக்க விரிந்திருந்தது.
எடுத்துத் தலையில் வைக்கத் தோன்றவில்லை.
அப்படியே கவிழ்த்து
கண்ணாடியை இறக்கிக்கொண்டேன்.
திருமங்கலம் வரை
என் மூச்சும் மல்லியும் மட்டும்.
அவள் அங்கே மாட்டியிருப்பதற்குள்
என்ன வாசம் இருக்கும்?